கோல் எடுத்ததால் தவறிய திங்கட்கிழமை

2003ஆம் ஆண்டு, சமாதானக் காலம். முந்திய வருடம் ஏப்ரலில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்த பிறகு வெளிநாட்டு உதவி நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக யாழ்ப்பாணத்துக்கு வந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒன்றின் மருத்துவப் பிரிவில் எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தது. எனக்கு அப்போது 25 வயது. ஆங்கிலத்தில் வாசிப்பேன், எழுதுவேன், இலக்கணமும் பாடம். ஆனால் ஆங்கிலம் பேசுகிற மனிதர்களோடு ஒரு முழு நாள் இருந்தது கிடையாது.

சாவகச்சேரிப் பக்கத்துச் சிறுமி ஒருத்திக்கு இருதயத்தில் ஓட்டை இருந்தது. கொழும்பில் ஒரு மருத்துவமனையில் அவளைக் காட்ட ஒழுங்கு செய்துகொண்டிருந்தோம். கொழும்புக்குத் தொலைபேசியில் கதைப்பது என் பொறுப்பு. வியாழக்கிழமை நான் எடுத்தபோது, மறுபக்கத்தில் ஒருவர் திங்கட்கிழமை என்று நான் சொன்னதைக் குறித்துக்கொண்டு, வைத்தியரிடம் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். அவ்வளவுதான். முடிவு ஒன்றும் வரவில்லை.

வெள்ளி காலை எங்கள் பொறுப்பாளர் அவசரமாக வந்து, கொழும்பு விஷயம் என்னவென்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் சொன்னது இன்றும் அப்படியே நினைவிருக்கிறது. 'ஐ டுக் எ கோல், ஹாஸ்பிட்டல், யெஸ்டர்டே. மண்டே.' நேற்று ஆஸ்பத்திரிக்குக் கோல் எடுத்தனான், திங்கள் என்று சொல்லியிருக்கிறன் என்பது என் மனதில் இருந்தது. அவர் காதில் விழுந்ததோ வேறு: நேற்று ஆஸ்பத்திரியில் இருந்து அழைப்பு வந்தது, நான் பேசினேன், திங்களுக்கு வரச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் 'டேக் எ கோல்' என்றால் வந்த அழைப்பை ஏற்றுப் பேசுவது. நாம் அழைப்பதற்கு அங்கே 'மேக்' வேண்டும், அல்லது 'கோல்' என்ற சொல்லையே வினையாக வைக்க வேண்டும்.

ஞாயிறு விடியவே வாகனம் போனது. முகமாலையில் இறங்கிச் சோதனை, ஓமந்தையில் இறங்கிச் சோதனை. அந்தத் தாயும் பிள்ளையும் இரவு கொழும்பு போய்ச் சேர்ந்து, திங்கள் காலை மருத்துவமனை வாசலில் நின்றபோது அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. நான்கு நாள் லொட்ஜில் தங்கி வெள்ளிக்கிழமை தான் காட்டினார்கள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, பிறகு சத்திரசிகிச்சையும் நல்லபடி நடந்தது. ஆனால் திரும்பி வந்த அந்தத் தாய் என்னிடம், "பரவாயில்லை தங்கச்சி, நீங்கள் என்ன செய்யிறது" என்று சொன்னபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான்கு நாள் அவர் பெரும்பாலும் பாணும் வாழைப்பழமும் தான் சாப்பிட்டிருந்தார்.

அன்று இரவு ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து முதல் பக்கத்தில் 'எடு' என்று எழுதினேன். அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. இப்போது கொக்குவிலில் வீட்டு விறாந்தையில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். அந்தப் பாடத்தின் பாதிக்கு மேல் அந்தக் கொப்பியில் இருந்து வந்தது தான்.

(எங்கள் ஊரில் இந்த ஆங்கிலச் சொல்லை 'ரேக்' என்று எழுதுவோம். எல்லோரும் வாசிக்க இலகுவாக இங்கே 'டேக்' என்று எழுதுகிறேன்.)

பள்ளிக்கூடத்தில் டேக் என்றால் எடு என்று படித்தோம். அது பிழை இல்லை. படம் எடுக்கிறோம், லீவு எடுக்கிறோம், கடன் எடுக்கிறோம், குறிப்பு எடுக்கிறோம், முடிவு எடுக்கிறோம், மூச்சு எடுக்கிறோம், தையல்காரர் அளவு எடுக்கிறார். இத்தனைக்கும் ஆங்கிலத்தில் டேக் அப்படியே பொருந்தும். கடையில் நாலு சீலையை விரித்துப் பார்த்துவிட்டு "இதையே எடுக்கிறன்" என்கிறோம். ஆங்கிலத்திலும் 'ஐ வில் டேக் திஸ் ஒன்' தான். இவ்வளவு பொருந்துவதால் தான் ஆபத்து. பத்து இடத்தில் சரியாகப் போன சொல் பதினோராவது இடத்தில் கைவிடும்போது நமக்கு அது தெரிவதே இல்லை.

கொப்பியின் இடப்பக்கத்தில், நாங்கள் எடு என்று சொல்லியும் ஆங்கிலம் டேக் என்று சொல்லாத வாக்கியங்களை எழுதினேன். முதலாவது கோல். அடுத்தது புள்ளி. "மூன்று ஏ எடுத்தவள்" என்கிறோம். ஆங்கிலத்தில் 'கொட் த்ரீ ஏஸ்' என்று 'கெட்' வர வேண்டும். சோதினைக்கு இருந்தது 'டுக் தி எக்ஸாம்', அதில் கிடைத்தது 'கொட்'. நாங்கள் இரண்டுக்கும் எடு என்கிறோம். "ஏஎல் (உயர்தரச் சோதினை) எடுத்தனான்" என்றால் எழுதினது, "ஏ எடுத்தனான்" என்றால் கிடைத்தது. நேர்முகத் தேர்வில் 'ஐ டுக் த்ரீ ஏஸ்' என்று சொல்லிவிட்டு வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். கேட்பவர் ஊகித்துக்கொள்வார் என்றாலும், சொல்பவரின் ஆங்கிலத்தைப் பற்றி ஒரு கணக்கும் போட்டுவிடுவார்.

பிறகு சத்தி. "பிள்ளை இரவு முழுக்கச் சத்தி எடுத்தது" என்பதை எத்தனை தாய்மார் எனக்குச் சொல்லியிருப்பார்கள். ஆங்கிலத்தில் அதற்கு எடுப்பு ஒன்றும் இல்லை, 'வொமிட்' என்பதே வினை. பசி எடுக்கிறது என்பதற்கும் அப்படித்தான், 'ஹங்க்ரி' என்ற பண்புச் சொல் போதும். உடுப்பு எடுக்கக் கடைக்குப் போனோம் என்பதற்கு 'பை'. நகரில் பஸ் நிலையத்தில் நின்று "ஓடி வாங்கோ, பஸ் எடுக்கப் போறான்" என்று கூப்பிடுகிறோமே, அங்கே எடுப்பவர் சாரதி. ஆங்கிலத்தில் 'டேக் த பஸ்' என்றால் எடுப்பது பயணி, அதாவது அந்தப் பஸ்ஸில் போவது. புறப்படுவதற்கு அங்கே 'லீவ்'. வெளிநாட்டுக்காரர் ஒருவரை அவசரப்படுத்த நினைத்து 'டிரைவர் இஸ் டேக்கிங் த பஸ்' என்றால், சாரதி பஸ்ஸைக் களவெடுத்துக்கொண்டு போகிறாரா என்று தான் அவர் பார்ப்பார்.

ஏன் கோலுக்கு டேக் பொருந்தவில்லை என்று நான் நெடுநாள் யோசித்தேன். ஒருநாள் பிடிபட்டது. டேக் என்ற சொல்லின் அடியில் ஏதோ ஒன்று என் கைக்குள், என் பக்கத்துக்கு வருவது இருக்கிறது. அழைப்பு வந்தால் அது என்னிடம் வருகிறது, ஆகவே டேக். நான் அழைத்தால் அது என்னிடம் இருந்து போகிறது, ஆகவே மேக். எங்கள் எடுவோ வேறு இடத்தில் நிற்கிறது. பழைய தொலைபேசியின் ரிசீவரைத் தூக்கினால் தான் கோல் தொடங்கும். அந்தத் தூக்குதலில் இருந்து தான் எங்கள் 'கோல் எடு' பிறந்திருக்கும் என்று நினைக்கிறேன். இது என் ஊகம். ஆனால் இந்த ஊகம் என் மாணவர்கள் நூற்றுக்கணக்கானோருக்கு உதவியிருக்கிறது.

கொப்பியின் வலப்பக்கம் இதற்கு எதிர்மாறு. ஆங்கிலம் டேக் என்று சொல்லும், நாங்கள் எடு என்று சொல்லமாட்டோம். இதில் நான் பட்ட பாடு முந்தியதை விடக் கொஞ்சம் நுணுக்கமானது.

தென்மராட்சியில் ஒரு நடமாடும் கிளினிக். ஒரு வாசிகசாலைக்குள் இரண்டு மேசை, வெளியே வேப்பமர நிழலில் வாங்கு. எழுபது தாண்டிய ஒருவர், முழங்கால் நோவு. எங்களோடு இருந்த வெளிநாட்டு மிஸ்ஸி (தாதி) அவரிடம் அன்பாகக் கேட்டார்: 'வாட் டு யூ டேக் ஃபார் த பெயின்?' நான் யோசிக்காமல் மாற்றினேன். "அப்பு, நோவுக்கு என்ன எடுக்கிறீங்கள்?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் துணிப்பையைப் பார்த்தார். "நான் ஒண்டும் எடுக்கேல்லைப் பிள்ளை" என்று சொல்லி, பையை மேசையில் கவிழ்த்துக் காட்டினார். ஒரு மூக்குக்கண்ணாடி, வெற்றிலைச் சுருள், கிளினிக் துண்டு, மடித்த ஒரு நூறு ரூபாய்த் தாள். காவலரண்களில் எத்தனையோ தடவை பையைக் கவிழ்த்துப் பழகின கைகள் அவை. கேட்காமலே கவிழ்த்தன.

நான் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். பிறகு எங்கள் ஊர்த் தமிழில் கேட்டேன். "இல்லை அப்பு, நோவுக்கு என்ன குளிசை போடுறனீங்கள்?" உடனே அவர் முகம் தெளிந்தது. மடியில் இருந்து இரண்டு குளிசை மட்டைகளை எடுத்து வைத்தார். அதில் ஒன்று அவருடைய வயிற்றுப்புண்ணுக்குக் கூடாத குளிசை என்று மிஸ்ஸி உடனே கண்டுபிடித்து நிறுத்தினார்.

குளிசை என்றால் நாங்கள் போடுவோம், பாணி மருந்து என்றால் குடிப்போம், ஊசி என்றால் போடுவிப்போம். ஆங்கிலத்தில் வாய்வழியாக உள்ளே போகும் எந்த மருந்துக்கும் டேக் தான். இதை மறந்து நேராக மாற்றினால் 'புட்' என்றும் 'டிரிங்க்' என்றும் வரும். லண்டனிலோ ரொறன்ரோவிலோ வைத்தியரிடம் அம்மாவைக் கூட்டிப் போகிறவர்கள் இந்த ஒன்றையாவது மனதில் வைத்திருங்கள். 'ஆர் யூ டேக்கிங் எனிதிங்?' என்று அவர் கேட்டால், ஏதாவது மருந்து பாவிக்கிறீர்களா என்பது அதன் பொருள். அம்மா தினமும் குடிக்கிற நாட்டு மருந்தும் அதில் அடங்கும். அதையும் சொல்ல வேண்டும்.

தேத்தண்ணிக்கும் அதே சொல் வரும். 'டு யூ டேக் ஷுகர்?' என்றால் சீனி போடுவீங்களா என்று அர்த்தம், நோயைப் பற்றிய கேள்வி இல்லை. 'டேக் எ சீட்' என்றால் இருங்கோ. 'டேக் எ பாத்' என்றால் குளிப்பு. இவற்றை நின்று விளக்கத் தேவையில்லை, இரண்டு தடவை கேட்டால் ஒட்டிவிடும்.

அடுத்தது எனக்கு மிகப் பிடித்த பகுதி. ஏனென்றால் இங்கே தமிழ் பேசுகிற பிள்ளைக்கு ஆங்கிலம் முதலே பாதி தெரியும்.

'டேக்', 'பிரிங்' இரண்டையும் உலகம் முழுக்கப் பலர் குழப்பிக்கொள்வார்கள். எங்களுக்குக் குழப்பமே வரக் கூடாது. கொண்டு போ என்று வாயில் வந்தால் டேக், கொண்டு வா என்று வந்தால் பிரிங். அவ்வளவு தான். இன்னும் ஒரு படி மேலே போகலாம். நான் உங்களோடு தொலைபேசியில் கதைக்கும்போது "நாளைக்கு உங்கட வீட்டை கொண்டு வாறன்" என்று தான் சொல்வேன், போறன் என்று சொல்லமாட்டேன். கேட்பவர் இருக்கும் இடத்துக்கு வா. ஆங்கிலத்திலும் அங்கே பிரிங் தான் வரும். மூன்றாம் ஆளைப் பற்றி என்றால் "அவையிட வீட்டை கொண்டு போறன்", ஆகவே டேக். இரண்டு மொழியும் ஒரே திசையில் பார்க்கின்றன. இதை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகளின் முகத்தில் வருகிற வெளிச்சத்துக்காகவே இந்தப் பாடத்தை நான் மாரிக்கும் கோடைக்கும் ஒரு தடவை புதிதாக எடுப்பேன்.

ஆனால் ஆள் என்று வந்தால் கவனம். தமிழில் ஆளைக் கூட்டிக்கொண்டு போவோம், வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போவோம். தூக்க முடியாமல் கிடப்பவரை, அல்லது உயிர் போனவரைத் தான் கொண்டு போவோம். ஆங்கிலத்தில் இந்த வித்தியாசம் எதுவும் இல்லை, எல்லாம் டேக்.

சில வருடங்களுக்கு முன் என் சின்னம்மாவுக்கு ஒரு நாள் தலைச்சுற்று வந்தது. தானே நடந்து போய் ஓட்டோவில் ஏறினார், ஆஸ்பத்திரி வீதியில் போய்க் காட்டச் சித்தப்பாவோடு போனார். அந்த நேரம் பார்த்து லண்டனில் இருந்து அவருடைய பேரன் வாட்ஸப்பில் கூப்பிட்டான். அவனுக்குத் தமிழ் கொஞ்சம் தான், ஆங்கிலத்தில் சொன்னேன். 'தே டுக் ஹேர் டு ஹாஸ்பிட்டல்.' ஆங்கிலத்தில் அதில் பயப்பட ஒன்றும் இல்லை. அவன் போய்த் தன் அம்மாவிடம் தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லியிருக்கிறான். "அம்மம்மாவைக் கொண்டு போயிட்டினமாம்."

இரண்டு நிமிடத்தில் சின்னம்மாவின் மகள் திருப்பி எடுத்தாள். அவளால் பேச முடியவில்லை, அழுகை மட்டும் கேட்டது. என் கையில் போன், மற்றக் கையில் சின்னம்மாவின் படலைத் திறப்பு. "அவ நடந்து போனவ, நடந்து போனவ" என்று நான் எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. பின்னேரம் சின்னம்மா வந்து, தானே வீடியோவில் முகத்தைக் காட்டிய பிறகு தான் அவள் சாப்பிட்டாள்.

அந்தப் பையன் செய்தது பிழை என்று சொல்லமாட்டேன். டேக் என்றால் கொண்டு போ என்று எவரோ அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், நானே சொல்லியிருக்கலாம். வெளிநாட்டில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பொருளைக் கொண்டு போ, ஆளைக் கூட்டிக்கொண்டு போ என்று இரண்டையும் ஒன்றாக, ஒரே நாளில் சொல்லிக் கொடுங்கள்.

நேரம் எடுப்பது பற்றிக் கொஞ்சம். "பருத்தித்துறைக்குப் போக ஒரு மணித்தியாலத்துக்கு மேல எடுக்கும்" என்கிறோம். யார் எடுப்பது? ஒருவரும் இல்லை. தமிழுக்கு எழுவாய் தேவையில்லை. ஆங்கிலம் எழுவாய் இல்லாமல் நிற்காது, ஆகவே 'இட்' என்று ஒன்றை முன்னால் நிறுத்துகிறது. 'இட் டேக்ஸ் என் அவர்.' இந்த 'இட்'டுக்குப் பொருள் தேடாதீர்கள். கேள்வியும் ஒரே அச்சு: 'ஹவ் லோங் டஸ் இட் டேக்?' இதை முழுதாகப் பாடமாக்கினால் பஸ், ரயில், விசா, பாஸ்போட், மரக்கறி அவிக்கிற நேரம் எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும். ஆள் தேவைப்படுவதற்கும் இதே அமைப்பு வரும். இந்த அலுமாரியைத் தூக்க நாலு பேர் வேணும் என்பதை 'இட் டேக்ஸ் ஃபோர் பீப்பிள்' என்று சொல்வார்கள்.

இந்தச் சொல் ஆங்கிலத்தில் பிறந்ததே இல்லை என்று அறிந்தபோது எனக்கு அதன்மேல் ஒரு தனிப் பிரியம் வந்தது. ஆதியில் ஆங்கிலேயர் இதற்கு 'நிமன்' என்ற சொல்லை வைத்திருந்தார்கள். ஜெர்மனியில் இருக்கிற எங்கள் பிள்ளைகள் இன்றும் சொல்லுகிற 'நேமன்' அதன் உறவு. வடக்கே இருந்து வைக்கிங்குகள் கடல் வழியாக வந்து இங்கிலாந்தில் குடியேறியபோது தங்கள் 'டாக்கா'வைக் கொண்டு வந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அது வீட்டுச் சொல்லை வெளியே தள்ளிவிட்டது. ஐஸ்லாந்தில் இன்றும் அது டாக்கா தான், நோர்வேயில் தேய்ந்து 'டா' ஆகிவிட்டது. ஒஸ்லோவில் இருந்து விடுமுறைக்கு வந்த ஒரு பிள்ளை என் வகுப்பில் இருந்து இதைக் கேட்டுவிட்டு, "அப்ப நான் டேக்கை முதலே படிச்சிட்டன் ரீச்சர்" என்றது. பழைய நிமன் முழுதாகச் சாகவும் இல்லை. விறைத்துப்போவதைச் சொல்லுகிற 'நம்' என்ற சொல் அதில் இருந்து வந்தது தான். எடுபட்டது, பிடிபட்டது என்பது அதன் உள்பொருள். கால் விறைத்தால் நாங்களும் "கால் பிடிச்சுப்போச்சு" என்கிறோமே.

இனி வால் சேர்ந்த டேக்குகள். ஆஃப், இன், அப், ஓவர், ஆஃப்டர் என்று பின்னால் ஒரு சிறு சொல் வந்து ஒட்டினால் பொருள் வேறு திசைக்குப் போய்விடும். இவற்றைப் பட்டியலாக மனப்பாடம் செய்யச் சொல்லி நான் யாரையும் வருத்துவதில்லை. நாற்பதை ஒரு கிழமையில் பாடமாக்குகிறவர்கள் அடுத்த கிழமை நாற்பதையும் மறந்து விடுகிறார்கள். ஒவ்வொன்றையும் ஊரில் ஓர் இடத்தோடு முடிந்துவைப்பது என் வழி.

'டேக் ஆஃப்' என்றால் எனக்கு நல்லூர்க் கோயில். ஆண்கள் சேர்ட்டைக் கழற்றிவிட்டுத் தான் உள்ளே போக வேண்டும். வெளிநாட்டு நண்பர்களைக் கூட்டிப் போய் வாசலில் வைத்து இதைச் சொல்லாத வருடம் இல்லை. அதே டேக் ஆஃப் பலாலியில் விமானம் நிலத்தை விட்டு எழும்புவது. 2019 ஒக்டோபரில் அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தபோது வகுப்பில் அந்த வாக்கியத்தைத் தான் முதலில் எழுதினோம். உடம்பை விட்டு உடுப்பு விலகுகிறது, நிலத்தை விட்டு விமானம் விலகுகிறது. 'ஆஃப்' என்ற வாலில் அந்த விலகல் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் இரண்டும் ஒன்று தான். 'டேக் ஆஃப்டர்' என்றால் அம்மம்மாவை உரித்து வைத்திருக்கிற பேத்தி. 'டேக் ஓவர்' என்றால் தகப்பனுக்குப் பிறகு கடையைப் பொறுப்பெடுத்த மகன். 'டேக் அப்' என்றால் ஓய்வூதியம் வந்த பிறகு வயலின் பழகத் தொடங்கிய எங்கள் ஒழுங்கை மாமா.

'டேக் இன்' என்பதற்கு மட்டும் எனக்கு வேறு ஓர் இடம்.

வேலைக்குச் சேர்ந்து சில மாதம் கழித்து, வாகனத்தில் நாவற்குழிப் பாலத்தைக் கடக்கும்போது அந்த வெளிநாட்டு மிஸ்ஸி, இந்தப் பாதையால் தானா நீங்கள் போனீர்கள் என்று கேட்டார். 1995 ஒக்டோபர் 30 இரவைப் பற்றி எவரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். சண்டை நெருங்கி வர, யாழ்ப்பாண நகரும் சேர்ந்த வலிகாமம் முழுக்க ஒரே இரவில் எழும்பி நடந்தது. எனக்கு 17 வயது. மழை. முன்னால் போகிறவரின் முதுகைத் தவிர எதுவும் தெரியவில்லை. ஒரு சைக்கிளில் அரிசி மூட்டை, அதன்மேல் தம்பி, நான் ஹாண்டிலைப் பிடித்தபடி. அடுத்த நாள் மத்தியானம் கொடிகாமத்துக்குக் கிட்ட ஒரு வீட்டுப் படலையில் தண்ணீர் கேட்டோம். அந்த வீட்டு அம்மா செம்பில் தண்ணீர் தந்தார். தம்பி குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு, "இனி எங்க போகப் போறியள், உள்ளுக்கு வாங்கோ" என்றார். முந்தி பின் தெரியாதவர். அடுத்த வருடம் சித்திரை கழித்து நாங்கள் திரும்பும் வரை அவருடைய விறாந்தையும் கிணறும் அடுப்பும் எங்களுடையதாகவும் இருந்தன.

இதை நான் ஆங்கிலத்தில் சொல்லத் தடுமாறினேன். 'ஷி கேவ் அஸ் பிளேஸ்' என்றேன், 'ஷி கெப்ட் அஸ்' என்றேன். ஒன்றும் சரியாக வரவில்லை. மிஸ்ஸி மெல்லச் சொன்னார். 'ஷி டுக் யூ இன்.'

நான்கு சின்னச் சொல். வெளியே நின்றவர்களை உள்ளே எடுத்தார். அதைக் கேட்டதும் அந்தப் படலை திறந்த சத்தம் வரை எனக்குத் திரும்ப வந்தது. இதே சொல்லுக்கு ஏமாற்றுவது என்றும் ஒரு பொருள் உண்டு. 'ஐ வோஸ் டேக்கன் இன்' என்று ஒருவர் சொன்னால் முன்னும் பின்னும் கேட்டுத் தான் எது என்று பிரிக்க வேண்டும். ஆனால் என் கொப்பியில் கொடிகாமம் தான் முதலாவதாக இருக்கிறது.

இப்போது என்னிடம் வருபவர்களில் பலர் இங்கிலாந்தில் இருக்கும் கணவரிடம் போகக் காத்திருக்கும் பெண்கள். அந்த விசாவுக்கு ஏ1 என்கிற ஆரம்ப நிலையில் ஆங்கிலம் பேசவும் விளங்கவும் தெரிந்தால் போதும், எழுத்து வராது. முதல் நாளே அவர்களிடம் ஒரு கொப்பி வாங்கி வரச் சொல்வேன். ஆங்கிலச் சொல்லை எழுதி எதிரே தமிழ்ப் பொருள் எழுதுவது வேண்டாம். அன்று வீட்டில் நீங்கள் வாயால் சொன்ன எடு, போடு, கொண்டு போ, கூட்டிக்கொண்டு வா எல்லாவற்றையும் முழு வாக்கியமாக, சொன்னபடியே, இடப்பக்கத்தில் எழுதுங்கள் என்பேன். கறி எடுத்து வைத்தது, பிள்ளையைக் கூட்டி வந்தது, காசு எடுத்தது. எதிர்ப்பக்கத்தை வகுப்பில் ஒன்றாக நிரப்புவோம். ஒரு கிழமையில் எழுபது, எண்பது வாக்கியம் சேரும். அதில் பத்தோ பதினைந்தோ தான் பிழைக்கக்கூடியவை. அவற்றைச் சிவப்பால் சுற்றிவிட்டு, மீதியை விட்டுவிடச் சொல்வேன். மீதி தானாக வரும்.

'டேக், டுக், டேக்கன்' என்பதை மட்டும் சத்தமாகச் சொல்லிப் பழக வேண்டும். 'ஹேவ் டுக்' என்ற பிழை வாயில் ஒருமுறை ஒட்டினால் கழற்றக் கஷ்டம். சட்டி கழுவும்போது சொல்லுங்கள், சைக்கிள் மிதிக்கும்போது சொல்லுங்கள்.

போன மாதம் ஒரு தங்கச்சி புதிதாகச் சேர்ந்தாள். கலியாணம் முடிந்து எட்டு மாதம், கணவர் லெஸ்டரில். அவளுடைய கொப்பியின் முதல் வரி: "நேற்று அவருக்குக் கோல் எடுத்தன், அவர் எடுக்கேல்லை." ஒரே வரியில் இரண்டு எடு. முதலாவது மேக், இரண்டாவது டேக். நான் சிவப்புப் பேனையை எடுத்து முதலாவதைச் சுற்றினேன். பிறகு இரண்டாவதின் அடியில் ஒரு கோடு போட்டு, அவர் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன்.

"இரவு வேலை ரீச்சர். விடிய ஆறு மணிக்குத் தான் எடுப்பார்."

சரி, அதையும் எழுதுங்கோ என்றேன்.